மச்சைக்கு விடுத்த ஓலை

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் சென்றால் அலுவிகாரை என்னும் பாறைக்குகைக் கோயிலை அடையலாம். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என்று வழங்கும் வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது இவ்விடத்திலேதான் என்பர். பஞ்சமும் போரும் நாட்டை வாட்டிய காலம் அது. ஓதுவோர் மாண்டால் ஓதப்பட்டதும் மாண்டுபோகுமே என்று அஞ்சிய துறவிகள் எழுத்தாணியைக் கையிலெடுத்தனர். அங்கிருந்த பழைய ஏட்டுச்சாலை 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்தது. ஆயினும் ஓலையில் எழுதும் முறையை அங்குச் செல்வோர் இன்றும் கண்ணாரக் காணலாம். எழுத்தாணியாற் கீறியவுடன் ஓலை வெறுமையாகவே தோன்றும். கரியும் எண்ணெயும் பூசித் துடைத்த பின்னரே எழுத்துப் புலப்படும். புலப்பட்டாலும், படிக்கத் தெரிந்தவனுக்கே அது செய்தி. மற்றவனுக்கு அது வெறுங் கீறல்.

நம் உடலுக்குள்ளும் இத்தகைய ஓலைப் போக்குவரத்து ஒன்று இடையறாது நடைபெறுகின்றது. ஓர் உறுப்பு எழுதிய செய்தியைக் குருதி வெள்ளம் சுமந்து சென்று வேறோர் உறுப்பிடம் சேர்க்கின்றது. அச்செய்தியே ஓமோன். அதைப் படிக்கும் கண் கலத்தில் இருக்கும் 'வாங்கி' என்னும் புரதம். பொருத்தமான வாங்கி இல்லாத கலத்தின் அருகே அவ்வோமோன் ஆயிரம் முறை சென்றாலும் அக்கலம் அசையாது.

இவ்வோலைகளுள் குருதியை ஆக்கும்படி கட்டளையிடும் ஓமோன்களும் உள்ளன. அவை என்பு மச்சைக்கென்றே எழுதப்பட்டவை என்று அறிஞர் நெடுங்காலம் கருதி வந்தனர். ஆனால் மச்சையைச் சேருமுன்னரே வழியிலிருக்கும் வேறொருவரும் அவ்வோலையைப் படிக்கக்கூடும் என்பது 1989ஆம் ஆண்டையடுத்துத் தெரியவந்தது. யார் அவர்? குருதி ஓடும் குழாயின் உட்சுவரே! இதை அறிவதால் நமக்கு என்ன பயன் என்று நேயர்கள் வினவலாம். சிறுநீரக நோயால் வாடும் ஒருவர் உள்ள வீட்டில் இது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. உயிரோடு தொடர்புடைய செய்தி.

சிறுநீரகம் எழுதும் ஓலை

நம் குருதியிலுள்ள செங்குழியம் ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். மாண்டவற்றை ஈடுசெய்ய, வளர்ந்த ஒருவரின் என்பு மச்சை ஒரு விநாடிக்குச் சுமார் 20 இலட்சம் செங்குழியங்களை ஆக்கி அனுப்புகின்றது. இவ்வளவு பெரிய தொழிற்சாலைக்கு, எவ்வளவு ஆக்க வேண்டும் என்று கட்டளையிடுவோர் யார்?

1906ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் போல் கார்னோவும் அவர் மாணவி தெஃபிளாந்தரும் முயல்களிடமிருந்து குருதியை வடித்தனர். அதனாற் சோகையுற்ற முயலின் குருதிநீரைச் சுகமாயிருந்த முயலுக்குச் செலுத்தியபோது, இரண்டாவது முயலின் செங்குழியங்கள் பெருகியதாக அறிவித்தனர். குருதியில் ஏதோ ஒரு தூதுப்பொருள் இருக்க வேண்டும் என்ற கருத்து அன்று பிறந்தது. 1948இல் பின்லாந்து நாட்டவர் இருவர் அதற்கு 'எரித்ரோபொயெற்றின்' என்று பெயரிட்டனர். 'செங்குழியத்தை ஆக்குவது' என்பது அதன் பொருள். அது பெரும்பாலும் சிறுநீரகத்திலிருந்தே வருகின்றது என்பதை 1957இல் சிக்காக்கோவில் ஜேக்கப்சன் குழுவினர் எலிகளைக் கொண்டு நிறுவினர்.

பொருளின் இருப்பிடம் தெரிந்தும் பொருள் கைக்கு எட்டவில்லை. அது குருதியில் அத்துணை அற்பமான அளவிலேயே இருந்தது. இறுதியில் யப்பானிய மருத்துவர் மியாக்கே, கொடிய குருதிச்சோகையுற்ற நோயாளரின் சிறுநீரில் அது மிகுந்திருப்பதை உணர்ந்து 2,550 இலீற்றர் சிறுநீரைச் சேர்த்தார். அதை உலர்த்தி எடுத்துச் சென்று, சிக்காக்கோவிலிருந்த கோல்ட்வாசருடன் சேர்ந்து வடித்தெடுத்த தூய பொருள் சில மில்லிகிராம்களே! இது 1977ஆம் ஆண்டுச் செய்தி. 1985இல் அதன் பரம்பரையலகு பிரித்தெடுக்கப்பட்டதும் கதை மாறிற்று. ஆய்வுகூடத்தில் வளர்க்கும் கலங்களைக் கொண்டே அவ்வோமோனை வேண்டியவளவு ஆக்க முடிந்தது. 1989ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா அதனை மருந்தாக அங்கீகரித்தது. அதுவரை மாதந்தோறும் பிறர் குருதியை ஏற்றி உயிர்தாங்கிய சிறுநீரக நோயாளர் பலர் ஓர் ஊசிமருந்தால் எழுந்து நடமாடினர்.

சிறுநீரகம் இவ்வோலையை எப்போது எழுதுகின்றது? தன்னிடம் வரும் குருதியில் ஒட்சிசன் குறைந்திருப்பதை உணரும்போது எழுதுகின்றது. அந்த உணர்வு கலத்தினுள்ளே எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விளக்கிய கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுள் இருவர் தம் ஆய்வைத் தொடங்கியது இந்த எரித்ரோபொயெற்றினை வைத்தே என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வோமோனைப் பற்றிய முக்கியமான உண்மையொன்று நம் நாட்டுப் பிள்ளைகளிடமிருந்தே உலகுக்குக் கிடைத்தது. தலசீமியா என்பது பெற்றோர்வழி வரும் குருதிநோய். அந்நோய்க்கான பெரிய சிகிச்சை நிலையம் குருநாகலில் உள்ளது. மருத்துவப் பேராசிரியர் அனுஜ பிரேமவர்தன, ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த சேர் டேவிட் வெதரால், கனடாவின் நான்சி ஒலிவியரி முதலியோர் அத்தகைய நோயாளரை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டனர். ஈமோகுளோபின் ஒரே அளவுக்குக் குறைந்திருப்பினும், சிறு குழந்தைகளின் உடலில் எரித்ரோபொயெற்றின் மிகுந்தும் வயது ஏற ஏறக் குறைந்தும் காணப்பட்டது. ஒரே சோகை, ஒரே பஞ்சம். ஆயினும் உடல் எழுதும் ஓலையின் அளவு வயதுக்கு வயது வேறு! ஈமோகுளோபின் எண்ணை மட்டும் பார்த்து நோயின் நிலையை முற்றும் மதிப்பிட்டுவிட இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

செங்குழியங்களுக்கு ஓர் ஓலை இருப்பதுபோல வெண்குழியங்களுக்கும் தனித்தனி ஓலைகள் உண்டு. 1960களில் அவுஸ்திரேலியாவின் மெல்போண் நகரில் டொனால்ட் மெற்காஃப் என்பார், கூழ்போன்ற ஊடகத்தில் மச்சைக் கலங்களை வளர்த்தபோது அவை கூட்டங் கூட்டமாகப் பெருகுவதைக் கண்டார். அவ்வாறு பெருகச் செய்யும் பொருள்களே 'கூட்டந் தூண்டும் காரணிகள்' எனப்பட்டன. புற்றுநோய் மருந்துகளால் வெண்குழியங்கள் குன்றிய நோயாளருக்கு இன்று அவை ஊசிமருந்தாக உதவுகின்றன.

வெறுஞ் சுவர் அன்று

ஓலையின் கதை இவ்வளவு. இனி அதை வழியிற் படிக்கும் உட்சுவரைப் பார்ப்போம்.

பெருநாடி முதல் மயிர்க்குழாய் வரை நம் உடலின் குருதிக்குழாய்கள் அனைத்தின் உட்புறத்தையும் ஒரு கலத் தடிப்பேயுள்ள மெல்லிய படையொன்று மூடியிருக்கின்றது. அதற்கு அகவணி என்று பெயர். தரையில் ஓடு பதித்ததுபோலக் கலங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும். குருதி கசியாமற் காப்பதே அதன் வேலை என்று ஒரு காலத்தில் எண்ணினர்.

அவ்வெண்ணத்தை மாற்றியவை இரண்டு. முதலாவது, 1973இல் நியூயோர்க்கில் ஜாஃபேயும் அவர் துணைவரும் குழந்தை பிறந்தபின் எறிந்துவிடும் தொப்புட்கொடியின் நாளத்திலிருந்து அகவணிக் கலங்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்துக் காட்டியமை. தாயையும் சேயையும் இணைத்த கொடி, அறுபட்ட பின்னும் அறிவுக்கு உதவிற்று! இரண்டாவது, 1980இல் றொபேட் ஃபேர்ச்கொற் கண்ட உண்மை. முயலின் பெருநாடித் துண்டுகளை ஆராய்ந்த அவர், ஒரு மருந்து சில துண்டுகளை இளகச் செய்வதையும் சிலவற்றை இறுகச் செய்வதையும் கண்டார். உட்படை உராய்ந்து கழன்றுபோன துண்டுகள் இளகவில்லை. உட்படை சிதையாத துண்டுகளே இளகின. ஆகவே, குழாயை இளகச் சொல்லும் செய்தியை அகவணியே விடுக்கின்றது என்பது தெளிவாயிற்று. அச்செய்தி நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் எளிய வாயுவே எனப் பின்னர் அறியப்பட்டது. 1998இல் ஃபேர்ச்கொற் உட்பட மூவர் இதற்காக நோபல் பரிசு பெற்றனர். இதற்கு எதிராகக் குழாயை இறுக்கும் 'எண்டோதீலின்' என்னும் பொருளையும் அதே அகவணி ஆக்குகின்றது என்பதை 1988இல் யப்பானியர் கண்டனர். இளக்கவும் இறுக்கவும் வல்ல ஒன்றை வெறுஞ் சுவர் என்று எவர் கூறுவார்?

வழியிற் படிக்கப்பட்ட ஓலை

1989ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுத் தூரின் நகரைச் சேர்ந்த புசொலினோவும் அவர் துணைவரும் தொப்புட்கொடியிலிருந்து பெற்ற அகவணிக் கலங்களை எடுத்தனர். வெண்குழியங்களுக்கான கூட்டந் தூண்டும் காரணிகள் இரண்டை அவற்றின்மீது செலுத்தினர். மச்சைக்கென்று எழுதிய ஓலை. படித்ததோ குழாயின் சுவர்! அக்கலங்கள் இடம்பெயர்ந்து நகர்ந்தன, பெருகவும் செய்தன. அடுத்த ஆண்டு, 1990இல், அனக்னொஸ்டு என்பாரும் அவர் குழுவினரும் எரித்ரோபொயெற்றினைக் கொண்டு இதே போன்ற முடிவைக் கண்டனர். ஓமோன் எத்திசையில் மிகுந்திருந்ததோ அத்திசை நோக்கி அகவணிக் கலங்கள் ஊர்ந்தன. எரித்ரோபொயெற்றின் வாங்கியை ஆக்குவதற்கான குறிப்பு மனித அகவணிக் கலங்களிலும் உண்டு என்பதை 1994இல் அவர்களே காட்டினர். 1999இல் வேறோர் இத்தாலியக் குழுவினர், கோழி முட்டையின் கருவைச் சூழ்ந்திருக்கும் சவ்வின்மீது இவ்வோமோனை இட்டபோது புதுக் குருதிக்குழாய்கள் கிளைத்ததாக அறிவித்தனர்.

இவை யாவும் பெரும்பாலும் கண்ணாடித் தட்டிலும் முட்டைச் சவ்விலும் கண்ட காட்சிகள். மனித உடலில் இது எவ்வளவு தூரம் நிகழ்கின்றது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அகவணியிலுள்ள வாங்கிகள் மச்சையில் உள்ளவற்றோடு ஒப்பிடுகையில் மிகச் சில என்றும், சோதனைகளிற் பயன்பட்ட ஓமோன் அளவு உடலில் இயல்பாக உள்ளதைவிட மிக மிகுதி என்றும், வாங்கிகளை அடையாளங்காணப் பயன்பட்ட சில பொருள்கள் நம்பத்தக்கவை அல்ல என்றும் சிலர் வாதிட்டனர். அகவணி ஓலையைத் தெளிவாக வாசிக்கின்றதா, எழுத்துக் கூட்டிப் படிக்கின்றதா என்பதே இன்றைய வழக்கு எனலாம்.

குழாயின் சுவருக்கு இவ்வெழுத்து எவ்வாறு தெரிந்தது? விடை கருவிலே இருக்கின்றது. கருவின் தொடக்க நாட்களில், கருவுணவுப் பையின் சுவரிற் சிறு தீவுகள்போலக் கலத்திரள்கள் தோன்றுகின்றன. அத்தீவின் ஓரத்துக் கலங்கள் குழாயாகவும் நடுவிலுள்ளவை குருதியாகவும் மாறுகின்றன. அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ஃபுளோரன்ஸ் சேபின் 1920ஆம் ஆண்டளவில் கோழிக்கருவில் இதனை நுணுக்குக்காட்டியினூடாக நேரே பார்த்து எழுதினார். அண்மைக் காலத்தில், கருவின் பெருநாடிச் சுவரிலுள்ள அகவணிக் கலமே கழன்று குருதியின் மூலக்கலமாக மாறுவதை, உயிருள்ள வரிக்குதிரை மீனின் கருவிலே கண்டு 2010இல் வெளியிட்டனர். ஆகவே குருதியும் குருதிக்குழாயும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒரு வீட்டில் வளர்ந்த உடன்பிறந்தார், ஒருவருக்கு வந்த கடிதத்தை மற்றவர் படிக்க நேர்ந்தால் அதில் வியப்பென்ன?

அளவுக்கு மிஞ்சினால்

இனி, தலையாய செய்திக்கு வருவோம். எரித்ரோபொயெற்றின் மருந்தாக வந்த தொடக்கத்திலேயே, அதைப் பெற்ற சிறுநீரக நோயாளருள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் குருதியமுக்கம் உயர்ந்தது. செங்குழியங்கள் பெருகியதாற் குருதி தடித்தது ஒரு காரணம். ஆயினும் அது ஒன்றே காரணம் என்று கொள்ள இயலவில்லை. இவ்வோமோன் எண்டோதீலினைப் பெருக்குதல், நோயுற்ற அகவணி நைத்திரிக் ஒட்சைட்டை வேண்டியவாறு ஆக்க இயலாதிருத்தல் என்பனவும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. நலமுள்ள சுவர் ஓலையைப் படித்து இளகக்கூடும். நைந்துபோன சுவர் அதே ஓலையைப் படித்து இறுகக்கூடும்.

'குருதி குறைவதாற் கேடு. அப்படியாயின் அதை நலமுள்ளவர் அளவுக்கே உயர்த்தினால் என்ன?' என்று மருத்துவர் எண்ணியது இயல்பே. அதைச் சோதித்தும் பார்த்தனர். 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இதயநோயும் உடைய 1,233 சிறுநீரக நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குச் செங்குழிய அளவை இயல்பு நிலைக்கே உயர்த்த முயன்றனர். அப்பிரிவினரிடையே மரணமும் மாரடைப்பும் மிகுந்து காணப்பட்டமையால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2009இல் வெளியான பேராய்வில் நீரிழிவும் சிறுநீரக நோயும் உடைய 4,038 பேர் பங்குகொண்டனர். ஈமோகுளோபினை 13 கிராமுக்கு உயர்த்த முயன்ற பிரிவில் 101 பேரையும் மற்றப் பிரிவில் 53 பேரையும் பாரிசவாதம் தாக்கிற்று. ஏறக்குறைய இரு மடங்கு! இதற்கிடையே 2007ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசு இம்மருந்தின் உறையில் கடும் எச்சரிக்கை அச்சிடும்படி பணித்திருந்தது.

இக்கேடுகள் அனைத்திற்கும் அகவணியே காரணம் என்று எவரும் அறுதியிடவில்லை. தடித்த குருதி, மருந்தின் பேரளவு, முன்னரே நைந்த நாடிகள் எனப் பல கைகள் இதிற் கலந்துள்ளன. ஆனால் மச்சையை மட்டும் மனத்திற்கொண்டு மருந்தின் அளவைக் கூட்டியது தவறு என்பது வெளியாயிற்று. 2012இல் வகுக்கப்பட்ட உலகப் பொது வழிகாட்டல், வளர்ந்த சிறுநீரக நோயாளருக்கு இம்மருந்தைக் கொண்டு ஈமோகுளோபினைப் பொதுவாக 11.5 கிராமுக்கு மேற் பேணலாகாது என்றும், வேண்டுமென்றே 13 கிராமுக்கு மேல் உயர்த்தவே கூடாது என்றும் கூறிற்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் கூறிய மொழியை நான்காயிரம் நோயாளரைக் கொண்டு மெய்ப்பித்ததுபோலாயிற்று இது.

நம் இல்லங்களில்

இதை நாம் அயலார் கதையென்று தள்ளிவிட இயலாது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கையின் வடமத்திய மாகாணத்து உழவர்களிடையே, நீரிழிவோ குருதியமுக்கமோ காரணமாகாத சிறுநீரக நோயொன்று பரவலாகக் காணப்படலாயிற்று. மெதவாச்சி, பதவியா முதலிய பகுதிகளோடு, அலுவிகாரை அமைந்துள்ள இதே மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள வில்கமுவப் பகுதியும் அந்நோயால் தாக்குண்டது. எக்காரணத்தால் வந்தாலும் சிறுநீரகம் நலிந்தால், குருதியைச் சுத்திசெய்யும் தொழிலோடு ஓலை எழுதும் தொழிலும் நின்றுபோகின்றது. நோயாளி வெளிறுகிறார், படியேற மூச்சு வாங்குகின்றது.

அப்பொழுது நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, 'இரத்தம் ஊறுவதற்கு முருங்கைக்கீரை கொடுங்கள்' என்பதே. கீரை நல்லுணவே. ஆயினும் ஓலை வராத தொழிற்சாலைக்கு மூலப்பொருளை மட்டும் கொண்டுபோய்க் குவிப்பதால் வேலை நடவாது. அன்றியும் சிறுநீரகம் பழுதுற்றோர் சிலருக்குக் கீரையிலும் பழத்திலுமுள்ள பொற்றாசியமே கேடாகும். ஆதலால் உணவையும் மருத்துவரைக் கேட்டே அமைத்தல் வேண்டும். மறுபுறம், ஓலை வந்தும் இரும்புச்சத்து இல்லையேல் மச்சை கைகட்டி நிற்கும். அதனாலேயே மருத்துவர் ஊசியைத் தொடங்குமுன்னும் இடையிடையேயும் இரும்பின் அளவைச் சோதிக்கின்றனர்.

ஊசிமருந்து பெறுவோர் வீட்டார் மனத்திற்கொள்ள வேண்டியவை சில. குருதியமுக்கத்தைத் தவறாது அளத்தல் வேண்டும். அதற்கான மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது. கடுந் தலைவலி, கண்மங்கல், ஒரு பக்கக் கைகால் மரத்தல், நெஞ்சுவலி என்பன தோன்றினால் காலந் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். மருந்தை வீட்டில் வைக்க நேரின், 2 முதல் 8 பாகை வெப்பநிலையிற் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், உறையவிடலாகாது, குலுக்கலாகாது. யாவற்றிலும் மேலாக, 'சென்றமுறை நல்ல தெம்பு வந்தது. இம்முறை கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்' என்று மருத்துவரையோ தாதியரையோ வற்புறுத்தலாகாது. ஈமோகுளோபின் ஒரு சிறிது குறைவாகவே இருக்கும்படி அவர்கள் விட்டுவைத்திருப்பது கஞ்சத்தனத்தாலன்று, காரணத்தோடுதான்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். ஒரு மருந்தின் பயன் அது எவ்வுறுப்பை நோக்கி ஏவப்பட்டது என்பதோடு முடிவதில்லை; அதைப் படிக்க வல்ல கலம் உடலில் வேறெங்கு உண்டோ அங்கெல்லாம் அதன் விளைவும் உண்டு. ஓமோனைக் கண்டறியப் பல்லாண்டு உழைத்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருப்பது போலவே, அதன் எல்லையைத் தம் உடலாற் காட்டித் தந்த அந்த ஆயிரக்கணக்கான நோயாளருக்கும் கடமைப்பட்டிருக்கின்றோம். அகவணி அவ்வோலையில் எத்தனை வரியைப் படிக்கின்றது என்பதை இனி வரும் ஆராய்ச்சியாளர் அளந்து கூறுவர். நம் பிள்ளைகளுள் ஒருவர் அப்பணியில் ஈடுபடுவாராயின் அது நமக்குப் பெருமை. அதுவரை, மருத்துவர் குறித்த அளவே அளவு என்று கொள்வது நோயாளிக்கும் நலம், வீட்டாருக்கும் நிம்மதி.